கழிவு போக எழுபத்தைந்து

அந்தச் சந்தையின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். தென்மராட்சியில் ஒரு சந்தை என்று வைத்துக்கொண்டால் போதும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தோட்டக்காரர் நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுவந்து இறக்கினால், நிறுவைக்காரர் நாகலிங்கம் தராசு முள்ளைப் பார்த்துவிட்டு "தொண்ணூறு!" என்று கூவுவார். மிச்சப் பத்துக் கிலோ கழிவு. அழுகல், மண், காம்பு, வாட்டம் என்று காரணம் சொல்லுவார்கள். விடியப் பறித்து, கழுவித் துடைத்து, பனி காயமுன்னம் கொண்டுவந்த காயில் என்ன அழுகல், என்ன வாட்டம்? கேட்டுப் பார்த்தவர்களுக்கு வாய் நொந்ததுதான் மிச்சம். இன்னொரு வழக்கமும் உண்டு. நிறுவைக்காரர் ஒருமுறை கூவிவிட்டால் அந்த நிறை நிறைதான். அவரே நினைத்தாலும் மாற்றக்கூடாது.

இந்தக் கழிவினால் வயிறெரிந்தவர்களுள் முதல் ஆள் இராசாத்தி. வயது இருபத்தேழு. கத்தரிச் செடிக்குள் நின்றால் ஆளைத் தேடவேண்டும் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். நாற்பது கிலோவுக்கு மேல் அவள் ஒரு நாளும் போனதில்லை. வாயை மட்டும் தனியாக நிறுக்கவேண்டும். அண்ணன் பஞ்சலிங்கம் ஜேர்மனிக்குப் போகும்போது விட்டுப்போன ஐம்பது சீசீ ஹொண்டாவில் அவளே மூட்டைகளைக் கட்டிக்கொண்டு சந்தைக்கு வருவாள். அந்த ஹொண்டாவில் அவசியமில்லாத இரும்பெல்லாம் எப்போதோ கழன்றுவிட்டது. மட்காட் இல்லை, செயின் கவர் இல்லை, ஸ்ராண்ட் இல்லை, சீற் இருந்த இடத்தில் மடித்த சாக்கு. வண்டியில் ஒரு கிலோ குறைந்தால் ஒரு கிலோ காய் கூட ஏற்றலாமே. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு மூட்டை, மணல் ஒழுங்கை. கால் ஊன்றாமல் வரப் பழகிவிட்டாள். ஊன்றினால் விழவேண்டியதுதான், அந்தப் பாரத்தை அவளுடைய கால் தாங்காது.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஆடி மாதம். சமாதானப் பேச்சு நடக்கிறது என்று துவக்குச் சத்தம் ஓய்ந்திருந்தது. பேச்சு முறியுமுன்னம் எதையாவது நடத்திவிட வேண்டும் என்று ஊருக்கு ஊர் விழா. அந்த ஊர் விளையாட்டுக் கழகமும் சந்தை வியாபாரிகள் சங்கமும் சேர்ந்து ஒரு புதுப் போட்டி வைத்தன. கழகச் செயலாளர் சீவரத்தினம் எங்கோ ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் பார்த்தது அது. மோட்டார் சைக்கிளில் வேகமாக ஓடவேண்டியதில்லை. மணல் கும்பி, பனங்குற்றி, சேற்று வாய்க்கால் எல்லாம் கடந்து கால் நிலத்தில் படாமல் வந்து சேரவேண்டும். கால் குத்தினால் ஒரு பிழை. பிழை குறைந்தவர் வென்றவர்.

பரிசைச் சொன்னவர் வியாபாரிகள் சங்கத் தலைவர் கனகசபாபதி. சந்தைக்குள்ளே கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு கடை இடம், ஒரு வருஷத்துக்கு. மனுசன் தாராளக்காரர் என்று நினைத்துவிடவேண்டாம். அவருடைய தமக்கை மகன் தம்பிராசா தொண்ணூறு சீசீ வண்டியில் சுழன்று திரிகிறவன். ஆள் எண்பத்தைந்து கிலோ, வண்டியை ஒரு கையால் தூக்கித் திருப்புவான். இடம் வீட்டை விட்டு வெளியே போகாது என்ற துணிவில்தான் தலைவர் வாயைத் திறந்தார்.

இராசாத்திக்கு இது காதில் விழுந்த நேரம் தொடக்கம் நித்திரை இல்லை. அந்த இடம் கிடைத்தால் தன் காயைத் தானே விற்கலாம். நாகலிங்கத்தின் தராசுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு நிற்கத் தேவையில்லை. போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து தாயிடம் சொன்னாள்.

"உனக்கென்ன விசரே?" என்றாள் தாய் செல்வநாயகி. "பெடியளோடை போட்டிக்கு நிண்டு கையைக் காலை முறிச்சால் ஆர் உன்னைக் கட்டுறது?"

"இப்ப மட்டும் வாசலிலை வரிசையிலையோ நிக்கினம், அம்மா?"

செல்வநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்பில் கிடந்த கறிதான் திட்டு வாங்கியது.

அவள் ஒழுங்கையில் பயிற்சி எடுப்பதைப் பார்த்த பெடியள் சந்தையில் போய்ச் சொல்லிவிட்டார்கள். "அண்ணை, உவள் பனங்குற்றியிலை அணில் மாதிரி ஏறுறாள்." கனகசபாபதிக்கு அன்றைக்குப் பகல் சோறு இறங்கவில்லை. மறுநாளே புதுச் சட்டம் வந்தது. போட்டிக்கு வரும் வண்டி எழுபத்தைந்து கிலோவுக்குக் குறையக் கூடாது. ஓட்டுகிறவரின் நிறை கணக்கில்லை. கட்டித் தொங்கவிட்டதும் கணக்கில்லை, பூட்டியதுதான் கணக்கு.

இராசாத்தி நேரே அவருடைய கடைக்குப் போனாள். "உது ஆருக்குப் போட்ட சட்டம், ஐயா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான், பிள்ளை. பாரம் குறைஞ்ச வண்டி ஆபத்து. உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன். வெளிநாட்டிலையும் உப்பிடித்தான். வேணுமெண்டால் சீவரத்தினத்தைக் கேள்."

"என்ரை நன்மையிலை உங்களுக்கு இவ்வளவு அக்கறை எண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சே!"

சீவரத்தினத்தையும் கேட்டாள். அவன் நல்ல பெடியன், பொய் சொல்லத் தெரியாது. "சட்டம் இருக்கிறது மெய்தான், அக்கா. அங்கை காசுக்காரர் கண்டபடி செலவழிச்சு லேசான வண்டி செய்விச்சு வெண்டுகொண்டு போகாமல் இருக்கத்தான் போட்டது. இல்லாதவன் தோற்கக் கூடாதெண்டு."

"இஞ்சை வரேக்கை ஏன் அது தலைகீழாய் வந்தது?"

அவன் தலையைச் சொறிந்தான்.

கூட்டுறவுக் கடைத் தராசில் வண்டியை நிறுத்துப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. வீட்டுக் கொட்டிலுக்குள் கறள் பிடித்துக் கிடந்த மட்காட், செயின் கவர், ஸ்ராண்ட், சீற் எல்லாவற்றையும் தேடிப் பூட்டினாள். அப்படியும் காணவில்லை. பழுதான வாட்டர் பம்மின் இரும்புச் சில்லு ஒன்று கிணற்றடியில் கிடந்தது. அதைச் சாவகச்சேரிக் கராச்சுக்குக் கொண்டுபோய்த் துளை போடுவித்துப் பின் கரியரில் பூட்டினாள். இப்போது முள் எழுபத்தைந்தைத் தொட்டது.

முள் தொட்டது, ஆள்தான் நொந்துபோனாள். எண்பத்தைந்து கிலோத் தம்பிராசாவுக்கு எழுபத்தைந்து கிலோ வண்டி விளையாட்டுச் சாமான். நாற்பது கிலோ இராசாத்திக்கு அது தன்னைப்போல இன்னொரு ஆளைத் தோளில் ஏற்றின மாதிரி. குற்றியில் முன்சில்லை ஏற்றினால் பின்பாரம் வண்டியை நிமிர்த்திக் கவிழ்த்தது. மணலில் சில்லு புதைந்தது. சரிந்தால் நிமிர்த்தக் கை காணாது. முழங்கை தோல் கழன்றது, இடுப்பில் அடி, தொடையில் சைலன்சர் சுட்ட காயம். மூட்டைப் பாரம் வேறு, இந்தப் பாரம் வேறு. மூட்டை சந்தை வரைக்கும்தான். இது விழும்போதும் எழும்பும்போதும் கூடவே வந்தது.

"விடடி மேனை," என்று தாய் நல்லெண்ணெய் பூசிக்கொண்டே அழுதாள். "அந்த இடம் இல்லாட்டில் நாங்கள் செத்தே போவம்?"

"சாக மாட்டம், அம்மா. ஆனால் சாகுமட்டும் பத்துக்கு ஒண்டு குடுத்துக்கொண்டெல்லோ இருக்கோணும்."

விடியவும் பின்னேரமுமாக இருந்து யோசித்துச் சில்லைக் கரியரிலிருந்து கழற்றி, எஞ்சினுக்குக் கீழே, நிலத்துக்குக் கிட்டப் பூட்டினாள். அன்றைக்கு முதல் தடவையாக வண்டி சொல்வழி கேட்டது. பாரம் கீழே இருந்தபடியால் மெல்ல ஊரும்போதும் நேராக நின்றது. குற்றியில் ஏற்றக் கைப்பலம் கூட வேண்டும், அவ்வளவுதான். கைப்பலம் போதாத இடத்தில் பல்லைக் கடித்தாள்.

போட்டி நாள் பின்னேரம் சந்தைக்குப் பின்புறத் தரவை வெளியில் சனம் குவிந்தது. தோட்டக்காரர்தான் கூட. வாய்க்கால் வெட்டி, மண் கொத்தி, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துவிட்டவர்களும் அவர்களே. வண்டி நிறுக்க வேறு தராசு ஏது? சந்தைத் தராசைக் கழற்றி முக்காலியில் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாகலிங்கம்.

முதலாவதாகக் கயிற்றில் தூக்கியது இராசாத்தியின் ஹொண்டாவை. முள் ஆடி ஆடி எழுபத்தைந்தில் நின்றது. நாகலிங்கம் முள்ளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், இருபது வருஷமாகக் கூவின வாய் தன்பாட்டில் கூவியது.

"அறுபத்தேழரை!"

ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு தோட்டக்காரர் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. "ஐயோ கடவுளே! மனுசன் ஹொண்டாவுக்கும் கழிவு கழிச்சுப் போட்டுது!"

நாகலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். முகம் கறுத்துப்போயிற்று. வேண்டுமென்று செய்யவில்லை பாவம், வாய் பழக்கம். "அது... நான்..." என்று தொடங்கினவரைக் கனகசபாபதி முந்திக்கொண்டார். "கூவின நிறை கூவினதுதான். இண்டைக்கு ஒண்டை மாத்தினால் நாளைக்கு ஒவ்வொரு மூட்டைக்கும் மாத்தச் சொல்லுவினம். வண்டி பாரம் காணாது. அடுத்த ஆள் வா."

இராசாத்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியும். திறந்தால் இந்த மனுசன் அதையே சாட்டாக வைத்துத் தன்னை வெளியே போடுவான் என்றும் தெரியும். பத்து வருஷம் வாயால் சண்டை பிடித்து ஒரு காயைக்கூட மீட்கவில்லை.

"கழிவு போக எழுபத்தைஞ்சு வரோணும், அவ்வளவுதானே?" என்றாள். "ஏத்துறன்."

"என்னத்தை ஏத்தப்போறாய்?"

அவள் சுற்றிப் பார்த்தாள். வாய்க்கால் வெட்டின மண்வெட்டிகள் வேலியோரம் சாத்திக் கிடந்தன. அவள் வாய் திறக்குமுன்னமே பக்கத்துத் தோட்டத்துப் பத்மாவதி, கணவன் செத்த பிறகு ஐந்து பரப்புக் காணியைத் தனியாகக் கொத்துகிறவள், தன்னுடைய மண்வெட்டியை எடுத்துக் கல்லில் ஒரு தட்டுத் தட்டிப் பிடியைக் கழற்றினாள். "இந்தா பிள்ளை, என்ரை கழிவு."

இன்னும் மூன்று பேர் கழற்றினார்கள். நீளப் போல்ற் இல்லாமல் இராசாத்தி நின்றபோது காலடியில் இரண்டு வந்து விழுந்தன. தம்பிராசா தன் சாமான் பெட்டியை மூடிக்கொண்டு வேறெங்கோ பார்த்தான். "மாமா காணமுன்னம் பூட்டு," என்று வாய் திறவாமல் கொடுப்புக்குள் சொன்னான். மண்வெட்டிக் கண்ணுக்குள்ளால் போல்ற்றை விட்டு, கால்மிதிக் குழாயோடு பக்கத்துக்கு இரண்டாக முறுக்கினாள். மறுபடி தூக்கினார்கள். எண்பத்துநான்கு. நாகலிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லக் கூவினார். "எழுபத்தைஞ்சரை." மற்ற வண்டிகளுக்கும் அப்படியே கழித்தார். பெரிய வண்டிகளுக்கு அது உறைக்கவில்லை.

தம்பிராசா முதலில் ஓடினான். மணலில் ஒரு கால், வாய்க்காலில் ஒரு கால், இரண்டு பிழை. பின்னால் ஓடின பெடியளெல்லாம் வாய்க்காலுக்குள் குளித்துவிட்டு எழும்பினார்கள். கடைசியாக இராசாத்தி.

கால்மிதியில் எழும்பி நின்றுகொண்டு முதல் கியரில் ஊர்ந்தாள். மணல் கும்பியில் பின்சில்லு புதைந்தது. அங்கே விழுந்தது ஒரு கால். "ஒண்டு!" என்று கத்தினார்கள். காலைப் பிடுங்கி எடுத்தாள். பனங்குற்றியில் முன்சில்லைத் தூக்கத் தோள்மூட்டு கழன்றுபோகும்போல வலித்தது. "ஏறடி, நாசமாய்ப் போவாய், ஏறு!" என்று வண்டியைத்தான் திட்டினாள். ஏறியது. மண்வெட்டித் தகடு குற்றியில் உரசி நெருப்புப் பறந்தது. வாய்க்காலுக்குள் இறங்கினதும் சேறு அச்சு வரைக்கும் இழுத்தது. நடு வாய்க்காலில் வண்டி நின்றுவிட்டது. விழவில்லை, நின்றது. கால் ஊன்றச் சொல்லி உடம்பு முழுக்கக் கெஞ்சியது. அவள் ஊன்றவில்லை. அக்சிலேட்டரை மெல்லத் திருகினாள். ஏதோ ஒன்று சேற்றுக்குள் முறிந்த சத்தம் கேட்டது. வண்டி ஒரு உதறு உதறிக் கரையேறியது.

ஒரு பிழை. வென்றுவிட்டாள். தோட்டக்காரர் துவாயைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

கனகசபாபதியின் கண் வண்டியின் காலடியில் இருந்தது. வலப்பக்கத்தில் ஒரு மண்வெட்டிதான் தொங்கியது. மற்றது வாய்க்காலுக்குள். "பொறுங்கோ, பொறுங்கோ," என்றார். "ஓடி முடிஞ்ச பிறகும் நிறுக்கோணும். வெளிநாட்டுச் சட்டம். என்ன சீவரத்தினம்?"

சீவரத்தினம் அழாத குறையாக "ஓம்" என்றான்.

"சேத்துக்குள்ளை கிடக்குது, எடுத்துப் பூட்டுறன்," என்றாள் இராசாத்தி.

"வண்டியிலை இருக்கிறதுதான் கணக்கு."

மூன்றாம் தரம் தூக்கினார்கள். முள் எண்பத்திரண்டில் நின்றது. கழித்தால் எழுபத்துமூன்றே முக்கால். அந்தத் தரவையில் நின்ற ஒவ்வொரு தோட்டக்காரனுக்கும் அந்தக் கணக்கு மனப்பாடம். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாம் நாகலிங்கத்தின் ஒரு வாயில் வந்து நிற்கிறதே என்று நினைக்க இராசாத்திக்கு அழுகை வந்தது. அழாமல் முன்னுக்குப் போனாள்.

"நாகலிங்கண்ணை, கூவமுன்னம் ஒண்டு கேக்கிறன். கழியுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் இந்த வண்டியிலை எது கழிவெண்டு தொட்டுக் காட்டுங்கோ. இப்பவே கழட்டி உங்கடை கையிலை தாறன்."

நாகலிங்கம் வண்டியைப் பார்த்தார். மட்காட்டைப் பார்த்தார். சில்லைப் பார்த்தார். மூன்று மண்வெட்டியையும் பார்த்தார். கையை நீட்டினார். கை எதிலும் படாமல் திரும்பி வந்தது. அவள் முழங்கையிலிருந்து இரத்தம் சேற்றோடு வடிந்துகொண்டிருந்தது.

"கெதியாக் கூவு, நாகலிங்கம்," என்றார் தலைவர்.

நாகலிங்கம் சந்தையில் கூவுகிற அதே குரலில், கழுத்து நரம்பு புடைக்கக் கூவினார். "எண்பத்திரண்டு!"

"என்ன சொன்னனீ? கழிவெங்கை?"

"கூவின நிறை கூவினதுதான்!" என்று பத்மாவதி தொடங்கினாள். பிறகு தரவை முழுக்க அதைத்தான் கத்தியது. கனகசபாபதி கையை உயர்த்திப் பார்த்தார், சால்வையை உதறிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. தம்பிராசா வந்து இராசாத்தியின் வண்டியைக் கயிற்றிலிருந்து இறக்கிக் கொடுத்தான்.

மறுநாட் காலை கிணற்றடிப் பக்கத்து இடத்தில் இராசாத்தி கடன்வாங்கின தராசு ஒன்றைத் தொங்கவிட்டாள். கை தூக்கமுடியாத நோ. தன் காயை மட்டும் விற்கிறதுதான் எண்ணம். ஆனால் அவள் சாக்கு விரிக்குமுன்னமே பத்மாவதி இரண்டு மூட்டையோடு வந்து நின்றாள். "அங்கை கொண்டுபோக மனமில்லை, பிள்ளை. நீயே எடு."

இராசாத்தியின் நெஞ்சு நிறைந்துபோயிற்று. முதல் மூட்டையைக் கொக்கியில் மாட்டினாள். முள் சரியாக ஐம்பதில் நின்றது. அவள் வாயைத் திறந்தாள்.

"நாற்பத்தைஞ்சு!"

பத்மாவதி தலையாட்டிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கக் குனிந்தாள். முகத்தில் ஒரு கோபமில்லை, ஒரு கேள்வியில்லை.

இராசாத்திக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினதுபோல் இருந்தது. தன் வாய்தான் அது. ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒருவரும் பின்னால் நிற்கவில்லை. தன் மேலேயே அருவருப்பு வந்தது. கொக்கியில் தொங்கிய மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பத்மாக்கா, வையுங்கோ அந்த மூட்டையை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அம்பது."

"சரி விடு, பிள்ளை. நீயும் சீவிக்கத்தானே வேணும்."

"அம்பது, அக்கா!" சந்தை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. "அம்பது! வந்து பாருங்கோ!"

பத்மாவதி இரண்டாவது மூட்டையைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு தராசுக்கு முன்னால் வந்து, முள் நின்ற இடத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.